எனக்கு முயல் வலிக்கிறது: சீனமொழி படிக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெய்ஜிங்கில் மொழி மாணவனாகச் சேர்ந்த மூன்றாவது வாரம் எனக்கு வயிற்றுவலி வந்தது. மருத்துவமனை வரிசையில் நின்றபடியே சொல்ல வேண்டிய வாக்கியத்தை நாலைந்து முறை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டேன். உள்ளே போய்ச் சொன்னதும் மருத்துவர் ஒரு கணம் விழித்தார். பிறகு தலைக்கு மேல் இரண்டு விரல்களை நீட்டி, "முயலா?" என்று கேட்டார்.

சீனத்தில் வயிறும் 'தூட்ஸ', முயலும் 'தூட்ஸ'. இரண்டுக்கும் தொனிகூட, அதாவது குரலின் ஏற்ற இறக்கம்கூட, ஒன்றுதான். வயிற்றில் வருவது மூச்சு இல்லாத 'தூ', முயலில் வருவது மூச்சை வெளியே ஊதித் தள்ளும் 'தூ'. எனக்கு முயல் வலிப்பதாக நான் சொல்லியிருந்தேன். காரணம் என் குறிப்பேடு. இரண்டு சொற்களையும் ஒரே வாரத்தில் படித்து, உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் ஒரே மாதிரி எழுதி வைத்திருந்தேன்.

ஆகவே முதல் நாளிலேயே விட வேண்டிய பழக்கம் சீனச் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்து வைப்பது. (இந்தக் கட்டுரையில் நான் அதைத்தான் செய்கிறேன். இதைப் பார்த்து உச்சரிக்கப் பழகாதீர்கள்.) மூச்சு உள்ளதையும் இல்லாததையும் நம் எழுத்து பிரித்துக் காட்டாது. தந்தைக்கும் 'பா', அச்சத்துக்கும் 'பா'. உதட்டுக்கு முன்னால் ஒரு தாள் துண்டைப் பிடித்துச் சொல்லிப் பாருங்கள். அச்சத்தைச் சொல்லும்போது தாள் ஆட வேண்டும், தந்தைக்கு ஆடக் கூடாது.

அப்படியானால் பின்யின் போதுமே என்று தோன்றும். 1958-இல் சீன அரசு ஏற்றுக்கொண்ட ரோமன் எழுத்து முறை அது. அங்கேதான் இரண்டாவது குழி இருக்கிறது. எழுத்துகள் ரோமன் என்பதால் நாம் அவற்றை ஆங்கிலமாகவே வாசிக்கிறோம். காய்கறிக்கும் சமைத்த பதார்த்தத்துக்கும் சீனத்தில் 'ட்ஸாய்' என்று பெயர். பின்யினில் அது ஆங்கிலத்தின் மூன்றாவது எழுத்தில் தொடங்கும். முதல் வாரம் உணவகப் பட்டியலில் அதைக் 'காய்' என்று வாசித்துவிட்டு, தமிழே வந்துவிட்டது என்று மகிழ்ந்துபோனேன்.

இதே மயக்கம் 'ப'விலும் உண்டு. பெய்ஜிங் என்ற பெயரைப் பின்யினில் பார்ப்பவர்கள் பஸ் என்பதில் வரும் 'ப'வைப் போட்டு அழுத்திச் சொல்கிறார்கள். உண்மையில் அது பல் என்பதில் வரும் 'ப'. தமிழர் வாயில் பிறந்ததிலிருந்தே இருக்கும் ஒலியை விட்டுவிட்டு ஆங்கிலத்திடம் கடன் கேட்கிறோம். ஆனால் நம் வாய்க்கும் ஒரு கோளாறு இருக்கிறது. மெல்லினத்தை அடுத்து வல்லினம் வந்தால், பாம்பு என்பதில் போலத் தானாகவே குழைத்துவிடுவோம். ரொட்டிக்குச் சீனத்தில் 'மியென்பாவ்'. அதில் அந்தக் குழைவு கூடாது, பல்லின் 'ப' அப்படியே நிற்க வேண்டும். இதைச் சரிசெய்ய எனக்கு இரண்டு மாதம் ஆனது. பெய்ஜிங்காரர்கள் சொல்லுக்குச் சொல் ஒட்டவைக்கும் வாலோ கிட்டத்தட்ட நம் ழகரம்தான். 'எங்கே' என்று கேட்க 'நாழ்' என்கிறார்கள். வகுப்பில் மற்றவர்கள் நாக்கை மடிக்கத் திணறிக்கொண்டிருந்தபோது, ஒழுங்காக ழகரம் சொல்லத் தெரிந்தவனுக்கு அது சும்மா வந்தது.

அந்த ஓராண்டில் நான் செய்த தவறுகளைத் திரும்பிப் பார்த்தால் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான்: தமிழில் யோசித்து, ஆங்கிலத்துக்கு மாற்றி, அதிலிருந்து சீனத்துக்குப் போனேன். பாடநூலின் விளக்கங்கள் ஆங்கிலத்தில் இருந்தன, அதனால் அதுதான் வழி என்று நினைத்துவிட்டேன். "நான் நேற்று நூலகத்தில்" என்று தொடங்கும் வாக்கியத்தைப் பாருங்கள். சீனத்திலும் அதே வரிசைதான்: ஆள், காலம், இடம், பிறகு வினை. அதை ஆங்கிலத்துக்குத் திருப்பி, நேற்றையும் நூலகத்தையும் கடைசியில் கொண்டுபோய் வைத்து, ஆசிரியையிடம் சிவப்பு மை வாங்கினேன். 'நான் வாங்கிய புத்தகம்' என்பது சீனத்தில் 'நான் வாங்கு' என்பதோடு 'த' என்ற இடைச்சொல்லைச் சேர்த்துப் 'புத்தகம்' என்று முடியும். கேள்வி கேட்க நாம் ஈற்றில் 'ஆ' சேர்க்கிறோம், அவர்கள் 'மா' சேர்க்கிறார்கள். சாப்பிட்டுப் பார் என்பதில் வருகிற 'பார்'கூட அங்கே உண்டு. 'சாங் சாங் கான்' என்றால் சுவைத்துப் பார், அதில் 'கான்' என்பதற்குப் பார் என்றே பொருள்.

'ல' என்ற துணுக்கை இறந்தகாலம் என்று ஆங்கில விளக்கத்தை நம்பிப் படித்தால் வாழ்நாள் முழுக்கத் தப்பாகவே போடுவீர்கள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே நாம் "கிளம்பிவிட்டேன்" என்போமே, அந்த 'விட்டேன்' அதற்கு இன்னும் நெருக்கம். சீனரும் வாசலில் நின்றபடி 'ட்ஸௌ ல' என்கிறார்கள்.

எல்லாம் நம்மைப் போலத்தான் என்றும் நினைத்துவிடக் கூடாது. செயப்படுபொருள் வினைக்குப் பின்னால்தான் வரும்: 'சாப்பிடு சோறு' என்பதே அவர்கள் வரிசை. பொருளை எண்ணும்போது எண்ணுக்கும் பெயருக்கும் நடுவே ஓர் அளவுச் சொல் வேண்டும். புத்தகத்துக்கு ஒன்று, மேசைக்கு ஒன்று, மீனுக்கு ஒன்று. பெயர்ச்சொல்லைப் படிக்கும்போதே அதையும் சேர்த்துப் படிப்பதைத் தவிர குறுக்குவழி இல்லை. இன்னொன்று: சீனத்தில் முன்னிலைக்கு 'நீ' என்றுதான் சொல்கிறார்கள். அதைக் கேட்டதும் குமரிக்கண்டத்துக்குக் கிளம்பிவிட வேண்டாம், தற்செயல்தான். மரியாதைக்கு 'நின்' என்று தனிச் சொல் உண்டு. ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பதால் வயதான ஆசிரியையிடம் பல வாரங்கள் 'நீ' போட்டுப் பேசியிருக்கிறேன்.

தொனிக்கு வருவோம். சொல்லை முதலில் படித்துவிடலாம், தொனியைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதவர்களே இல்லை. கல், கால் இரண்டையும் ஒன்றாகப் படித்துக்கொண்டு, நெடிலைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருவர் தமிழ் படிக்க வந்தால் என்ன சொல்வோம்? 'மாய்' மூன்றாம் தொனியில் வாங்குவது, மேலிருந்து விழும் நான்காம் தொனியில் விற்பது. மூன்றாம் தொனியைப் பாடநூல் இறங்கி ஏறும் வளைவாக வரைந்து காட்டும். ஓடும் பேச்சில் அது பெரும்பாலும் தாழ்ந்து கிடப்பதோடு சரி. இரண்டு மூன்றாம் தொனிகள் அடுத்தடுத்து வந்தால் முதலாவது, மேலேறும் இரண்டாம் தொனியாகிவிடும். எல்லோருக்கும் தெரிந்த 'நீ ஹாவ்' அப்படித்தான். ஆகவே ஓரசைகளைத் தனித்தனியாகப் பழகுவதைவிட ஈரசைச் சொற்களைச் சோடியாகப் பழகுங்கள். கேள்வி கேட்கும்போது நம் குரல் தானாக மேலேறும். அந்த ஏற்றம் கடைசிச் சொல்லின் தொனியைத் தின்றுவிடும்.

எழுத்துகளைத் தள்ளிப்போடுவது இன்னொரு பெரிய தவறு. சீனமொழித் திறனைச் சோதிக்கும் எச்எஸ்கே தேர்வின் ஆறு நிலை அமைப்பில் முதல் இரண்டு நிலை வினாத்தாள்களில் பின்யின் துணைக்கு இருக்கும், மூன்றாம் நிலையில் காணாமல் போகும். பின்யினை ஊன்றுகோலாகப் பிடித்து வந்தவர்கள் அங்கேதான் விழுகிறார்கள். எழுதி எழுதிப் பார்ப்பது மட்டும் போதாது, எழுத்தை உறுப்புகளாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். 'ச்சிங்' என்று ஓர் உறுப்பு இருக்கிறது. அதன் இடப்பக்கம் நீர்க் குறி வந்தால் தெளிவு. சூரியன் வந்தால் மேகமற்ற வானம், பேச்சு வந்தால் வேண்டிக்கொள்ளுதல், மனம் வந்தால் உணர்வு. ஒலி எல்லாவற்றிலும் ஏறக்குறைய அதேதான். நான்கு எழுத்துகளை ஒன்றின் விலைக்கு வாங்கிவிடலாம். எந்த எழுத்து என்பதையும் போகும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். சீனாவில் சுருக்க எழுத்து, தைவானில் பழைய முழு எழுத்து.

போனபின் செய்யும் தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 180 நாட்களுக்கு மேல் படிப்பவர்களுக்கான எக்ஸ்1 விசாவில் போனால், இறங்கிய 30 நாட்களுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். வெளியே வீடு எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும். வாட்ஸ்அப் அங்கே முடக்கம், சீனர்களின் அரட்டைச் செயலியான வீசாட்டுக்கு இந்தியாவில் 2020 முதல் தடை. வீட்டோடு எப்படிப் பேசுவது என்பதை விமானம் ஏறும் முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள். இந்திய சிம்மில் சர்வதேச ரோமிங் எனக்குக் கைகொடுத்தது, செலவுதான் வலித்தது. பிரிவுத் தேர்வில் கிடைத்த வகுப்புக்கு மேல் வகுப்பு கேட்டு அடம்பிடிக்காதீர்கள். நான் பிடித்தேன். ஒரு மாதம் ஊமையாக உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தேன். மொழித்துணையாகச் சேரும் சீன மாணவர் ஆங்கிலம் பழகவே வந்திருப்பார். கடிகாரம் வைத்து ஆளுக்கு அரைமணி என்று பிரிக்காவிட்டால் ஒரு பருவம் முழுக்க அவருடைய ஆங்கிலம்தான் வளரும்.

உறவுமுறையில் மட்டும் எனக்குத் தவறே வராது என்று நினைத்திருந்தேன். அத்தைக்கு 'கூகு', தாய்மாமனுக்கு 'ஜியூஜியூ', சித்தப்பாவுக்கு 'ஷூஷு' என்று நம்மைப் போலவே தனித்தனிச் சொற்கள். அம்மாவின் சகோதரிக்கு உரிய 'ஆயீ' என்பதைத்தான் விடுதி அம்மாளுக்கும் உணவுக்கூட அம்மாளுக்கும் வைத்து அழைப்பார்கள். அந்தத் துணிச்சலில், வாயிலருகே பாசிப்பயற்று மாவில் முட்டைத் தோசை போல ஜியென்பிங் சுட்டுக்கொண்டிருந்த பெண்ணையும் ஒரு காலை 'ஆயீ' என்றேன். அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. நம் ஊரில் ஆன்ட்டி என்று கூப்பிட்டால் வருமே, அதே முகம். "ஜியேஜியே" என்று, அதாவது அக்கா என்று, என்னை ஒருமுறை சொல்லவைத்துவிட்டுத்தான் பொட்டலத்தைக் கையில் கொடுத்தார்.