‘உடந்தை’ என்று எழுதும் முன்: நிறுவனங்களைக் குற்றம் சாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1946 மார்ச்சில், ஹாம்பர்க் நகரில் ஒரு பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் மூன்று பேரை விசாரித்தது. மூவரில் ஒருவரும் சிப்பாய் இல்லை. புரூனோ டெஷ் பூச்சிமருந்து விற்கும் நிறுவனத்தின் முதலாளி. கார்ல் வைன்பாக்கர் அவருக்கு அடுத்த நிலையில் இருந்த மேலாளர். யோகிம் டிரோசின் அங்கே வேலை பார்த்த தொழில்நுட்பப் பணியாளர். அவர்கள் விற்றது சைக்ளான் பி. பேனும் மூட்டைப்பூச்சியும் ஒழிக்கத்தான் அந்த மருந்து. ஹிட்லரின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் அதை வைத்து மனிதர்களைக் கொன்றார்கள்.

நீதிமன்றம் கேட்ட கேள்விகள் மூன்றுதான். இந்த வாயுவால் மனிதர்கள் கொல்லப்பட்டார்களா? அதை அனுப்பியது இந்த நிறுவனமா? எதற்குப் பயன்படுகிறது என்று இவர்களுக்குத் தெரியுமா? மூன்றுக்கும் ஆம் என்று தீர்ந்ததும் டெஷ், வைன்பாக்கர் இருவருக்கும் மரண தண்டனை. டிரோசின் விடுதலையானார். விற்பனையைத் தடுக்கவோ மாற்றவோ அவர் கையில் அதிகாரம் இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை.

நிறுவனங்களைப் பற்றி நாம் எழுதும் மனுக்களிலும் கட்டுரைகளிலும் பெரும்பாலும் இந்த மூன்று கேள்விகள்தான் காணாமல் போகின்றன. கோபம் இருக்கிறது, அது நியாயமான கோபமும்கூட. ஆனால் குற்றச்சாட்டு குழம்பியிருந்தால் அதனால் லாபம் அடைவது நிறுவனத்தின் வழக்கறிஞர் மட்டுமே.

முதல் குழப்பம் ‘உடந்தை’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. பேச்சுத் தமிழில் அதற்கு எல்லை கிடையாது. திருடனுக்கு ஏணி பிடித்தவனும் உடந்தை, பார்த்துவிட்டுச் சும்மா போனவனும் உடந்தை, திருட்டு நகையை மலிவாக வாங்கியவனும் உடந்தை. குற்றவியல் சட்டம் தேடுவது ஏணி பிடித்தவனைத்தான்: குற்றம் நடக்கக் கணிசமாகத் துணைசெய்த ஒரு செயல் வேண்டும். ஒரு சர்வாதிகாரியின் நாட்டில் தொழிற்சாலை வைத்திருப்பதும், அங்கே வரி கட்டுவதும், வாய் திறக்காமல் இருப்பதும் கண்டிக்க வேண்டியவையாக இருக்கலாம். அவற்றை மட்டும் வைத்து ஒருவரைப் போர்க்குற்ற உடந்தை என்று தண்டித்துவிட முடியாது. போருக்குப் பின் நாஜிகளை விசாரித்த நூரம்பர்க் நீதிமன்றத்தில் நின்றவர்களில் ஒருவர் டிரெஸ்ட்னர் வங்கியின் கார்ல் ராஷே. வதைமுகாம்களை நடத்திய நாஜிப் படையான எஸ்.எஸ். அமைப்பின் நிறுவனங்களுக்கு அவர் கடன் கொடுத்திருந்தார். கடன் கொடுத்தது மட்டுமே குற்றமாகாது என்று 1949 தீர்ப்பு சொன்னது. அவர் தண்டிக்கப்பட்டது வேறு குற்றங்களுக்காக. ஆனால் எஸ்.எஸ். தலைவர் ஹிம்லரின் நண்பர் வட்டத்தில் இருந்துகொண்டு அந்த அமைப்புக்கே நன்கொடை கொடுத்துவந்த தொழிலதிபர் ஃபிரீட்ரிக் ஃபிலிக், அதற்காகவும் தண்டிக்கப்பட்டார். ஒரே கொலைகார அமைப்புக்குப் போன பணம், இரண்டு வேறு முடிவுகள். ராஷே தீர்ப்பு எனக்கு உவப்பானதில்லை. ஆனாலும் அது இருக்கிறது என்று தெரிந்துதான் வாதத்தைக் கட்ட வேண்டும்.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. ‘அவர்களுக்குக் கொல்லும் எண்ணமா இருந்தது? வியாபாரம்தானே செய்தார்கள்’ என்ற பேச்சை ஏற்றுக்கொண்டுவிடுகிறோம். அல்லது அதற்குப் பயந்து, நிறுவனத்துக்குக் கொலைவெறி இருந்ததாகக் காட்டப் பாடுபடுகிறோம். அது பெரும்பாலும் தேவையே இல்லை.

லஃபார்ஜ் வழக்கைப் பாருங்கள். இந்த பிரெஞ்சு சிமெண்ட் நிறுவனத்துக்கு வட சிரியாவில் ஜலாபியா என்ற இடத்தில் ஆலை இருந்தது. உள்நாட்டுப் போரின் நடுவே, 2013, 2014 ஆண்டுகளில் ஆலையை ஓட்டுவதற்காக ஐ.எஸ். உள்ளிட்ட ஆயுதக் குழுக்களுக்குப் பணம் கொடுத்தது. ‘எங்களுக்குச் சிமெண்ட் விற்க வேண்டும், அவ்வளவுதான்’ என்பது இங்கே எடுபடவில்லை. மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களுக்கு உடந்தை என்ற குற்றச்சாட்டைக் கீழமை நீதிமன்றம் நீக்கியிருந்தது. 2021 செப்டம்பரில் பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. குற்றம் செய்வதே நோக்கமான அமைப்பு என்று தெரிந்தும் அதற்குப் பல மில்லியன் கொடுத்தால் உடந்தைக்கு அது போதும், வியாபாரத்தைத் தொடர்வதற்காகவே கொடுத்தார்கள் என்பதால் பொறுப்பு போய்விடாது என்றது. 2024 ஜனவரியில் அதே நீதிமன்றம் அந்தக் குற்றச்சாட்டு நிலைக்கும் என்று உறுதிசெய்தது. இதற்கிடையில் அமெரிக்காவில், பயங்கரவாத அமைப்புகளுக்கு உதவச் சதி செய்த குற்றத்தை 2022 அக்டோபரில் அந்நிறுவனம் ஒப்புக்கொண்டு சுமார் 778 மில்லியன் டாலர் கட்டச் சம்மதித்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ‘தெரிந்திருந்தால் போதும்’ என்ற அளவுகோல் எல்லா நீதிமன்றத்திலும் ஒன்றல்ல. முன்னாள் யூகோஸ்லாவியா, சியரா லியோன் போர்க்குற்றங்களை விசாரித்த சர்வதேசத் தீர்ப்பாயங்கள் தெரிந்து உதவுவதே போதும் என்ற வழியில் போயின. சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் சட்டமோ, 25ஆம் பிரிவில், குற்றத்தை எளிதாக்கும் நோக்கத்தோடு உதவியிருக்க வேண்டும் என்கிறது. ஒன்றின் தீர்ப்பை எடுத்து இன்னொன்றில் ஒட்டினால் வாதம் நிற்காது.

குற்றத்தின் பெயரையும் பெரிதாக்கக் கூடாது. டச்சு வியாபாரி ஃபிரான்ஸ் ஃபான் ஆன்ராட் 1980களில் சதாமின் ஈராக்குக்குக் கடுகு வாயு செய்வதற்கான மூலப்பொருளை ஆயிரம் டன்னுக்கு மேல் விற்றார். 1988 மார்ச் 16 அன்று ஈராக்கின் ஹலாப்ஜா நகரில் ஆயிரக்கணக்கான குர்து மக்கள் நச்சு வாயுவில் செத்துப்போனார்கள். 2005இல் ஹேக் நகர நீதிமன்றம் அவருக்குப் போர்க்குற்ற உடந்தைக்காக 15 ஆண்டு சிறை விதித்தது. மேல்முறையீட்டில் அது 17 ஆனது. ஆனால் இனப்படுகொலை உடந்தையிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். ஒரு இனத்தையே அழிக்கும் நோக்கம் ஆட்சியாளர்களுக்கு இருந்தது என்று அவருக்கு அப்போது தெரியும் என்பதை நிரூபிக்க முடியவில்லை. ‘இனப்படுகொலை’ என்று மட்டுமே எழுதியிருந்தால் அந்த வழக்கே தோற்றிருக்கும்.

அப்புறம், ‘நிறுவனத்தை ஹேக்கில் நிறுத்துவோம்’ என்ற முழக்கம். ஹேக்கில் இருக்கும் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் தனிமனிதர்களை மட்டுமே விசாரிக்கும். 1998இல் ரோம் மாநாட்டில் நிறுவனங்களையும் சேர்க்கலாம் என்று பிரான்ஸ் முன்மொழிந்தது, நடக்கவில்லை. அதே ஊரில் இருக்கும் சர்வதேச நீதிமன்றம் நாடுகளுக்கு இடையிலான வழக்குகளுக்கானது. ஆக, இயக்குநரையோ மேலாளரையோ பெயர் சொல்லிக் குற்றம் சாட்டலாம். நிறுவனத்தையே நிறுத்த வேண்டுமென்றால் பிரான்ஸ் போல அதற்கு இடம் தரும் நாட்டுச் சட்டத்தைத்தான் தேட வேண்டும். முன்பெல்லாம், சர்வதேசச் சட்ட மீறலுக்காக வெளிநாட்டவர் அமெரிக்க நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்க இடம் தரும் 1789ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் ஒன்றைச் சொல்வார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2013 கியோபெல் தீர்ப்பும் 2018இன் ஜெஸ்னர் தீர்ப்பும் வந்தபின் அந்தக் கதவு வெளிநாட்டு நிறுவனங்களைப் பொறுத்தவரை மூடிவிட்டது. பழைய கட்டுரையைப் பார்த்து இன்னும் அதையே பரிந்துரைப்பவர்கள் இருக்கிறார்கள்.

சமரசத் தொகையைத் தீர்ப்பாக எழுதுவதும் தவறு. நைஜீரியாவில் எழுத்தாளர் கென் சாரோ-விவாவும் அவரது ஓகோனி இனத்தைச் சேர்ந்த எட்டுப் போராளிகளும் 1995 நவம்பர் 10 அன்று தூக்கிலிடப்பட்டார்கள். அதைச் செய்த ராணுவ அரசுக்கு உடந்தை என்று தொடுக்கப்பட்ட வழக்கில் எண்ணெய் நிறுவனமான ஷெல் 2009இல் 15.5 மில்லியன் டாலர் கொடுத்தது, தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல். ‘ஷெல் குற்றவாளி என்று நீதிமன்றம் சொன்னது’ என்று எழுதினால் அது பொய்.

வணிகமும் மனித உரிமையும் பற்றிய ஐ.நா.வின் 2011 வழிகாட்டு நெறிகளை இரண்டு விதமாகவும் தவறாகப் படிக்கிறார்கள். சிலர் அதைக் கட்டாயச் சட்டம் என்கிறார்கள், சிலர் வெறும் காகிதம் என்கிறார்கள். அது சட்டம் அல்ல; ஆனால் பிரான்சின் 2017 சட்டம் அதே சிந்தனையில், மனித உரிமைத் தீங்குகளைக் கண்டறிந்து தடுக்கும் கடமையைப் பெரிய நிறுவனங்களுக்கு உருவாக்கியிருக்கிறது. அந்த நெறிகள் தரும் பயனுள்ள பிரிப்பு ஒன்று உண்டு: தீங்கை நீயே செய்தாயா, அதற்குப் பங்களித்தாயா, உன் வணிக உறவு வழியாக அதனோடு தொடர்புபட்டாயா? ஒரு பிராண்டுக்குத் தெரியாமல் அதன் சப்ளையர் வேறொருவரிடம் வேலையைக் கைமாற்றி, அங்கே குழந்தைகள் தைத்தால் அது தொடர்பு. கடைசி நேரத்தில் ஆர்டரை மாற்றிவிட்டு, விலையையும் தேதியையும் மாற்றாமல் நெருக்கி, அதனால் சப்ளையர் தொழிலாளரைக் கசக்கிப் பிழிய வைத்தால் அது பங்களிப்பு. திருப்பூரில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கடைசியாக, தேதி. ‘நிறுவனத்துக்கு எல்லாம் தெரியும்’ என்ற வாக்கியத்தைச் சான்றில்லாமல் எழுதவே கூடாது. யாருக்கு, எந்த நாளில், எந்தக் காகிதம் வழியாகத் தெரிந்தது? அதன்பிறகும் எத்தனை முறை சரக்கு போனது? ஹாம்பர்க்கில் மூன்றாவது கேள்விக்கு விடை கிடைக்க உதவியவர்களில் ஒருவர் டெஷின் அலுவலகத்தில் கணக்கு எழுதியவர். முதலாளியின் பயணக் குறிப்பொன்றில், மனிதர்களை வாயுவால் கொல்வது பற்றி அதிகாரிகளோடு பேசியதைத் தான் படித்ததாக அவர் சாட்சி சொன்னார்.