விளையாட்டு விழாவில் தன்னார்வலராகச் சேரும் தில்லித் தமிழர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2010 அக்டோபரில் தில்லியில் காமன்வெல்த் போட்டிகள் நடந்தபோது, சீருடையை வாங்கிக்கொண்ட தன்னார்வலர்களில் பலர் பணிக்கு வராமலே போனது அன்றைக்கே செய்தியாயிற்று. அதே ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கில் 2017இல் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக் கால்பந்து ஆட்டங்களும், 2025 செப்டம்பர் 27 முதல் அக்டோபர் 5 வரை மாற்றுத்திறனாளிகளுக்கான உலக பாரா தடகளப் போட்டியும் நடைபெற்றன. 2030 காமன்வெல்த் போட்டிகள் அகமதாபாத்துக்கு வருகின்றன. ராமகிருஷ்ணபுரத்திலும் மயூர் விஹாரிலும் இருக்கும் நம் கல்லூரிப் பிள்ளைகள் பலர் இப்பணிக்கு விண்ணப்பிக்கும் எண்ணத்தில் இருப்பதால், எங்கே பிசகு நேர்கிறது என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது.

இதைக் கட்டணமில்லாத நுழைவுச்சீட்டாகக் கருதுவதே முதல் தவறு. பெரும்பாலான பணிகள் வாகன நிறுத்துமிடத்திலும் உணவுக்கூடத்திலும் ஊடக அறையிலும்தான் இருக்கும். அரங்கினுள் நிற்பவர்களிலும் பலர் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பார்வையாளர்களைத்தான் கவனிக்க வேண்டியிருக்கும். ஊதியம் கிடையாது. சீருடையும் பணி நேரத்து உணவும் பொதுவாகக் கிடைக்கும் என்றாலும், வெளியூரில் நடக்கும் போட்டிக்குப் போய்வரும் செலவையும் தங்கும் செலவையும் பெரும்பாலும் நாமே ஏற்க வேண்டும் என்பதால், அகமதாபாத் செல்ல நினைப்பவர்கள் அதை வீட்டில் இப்போதே பேசிவைப்பது உத்தமம்.

விண்ணப்பத்தில் "எந்த வேலையும் செய்வேன்" என்று எழுதுவதால் பயனில்லை. முதலுதவிப் பயிற்சி, வாகனம் ஓட்டும் உரிமம், தெரிந்த மொழிகள் எனத் தேர்வாளருக்கு உதவும் விவரங்களே தேவை. மொழிகளின் பட்டியலில் இந்தியையும் ஆங்கிலத்தையும் எழுதிவிட்டுத் தமிழை விட்டுவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. இலங்கை, சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளின் அணிகள் கலந்துகொள்ளும் காமன்வெல்த் போட்டிக்கு இது வீண் இழப்பு.

மிகப் பெரிய கேடு நல்ல மனத்தினால்தான் விளைகிறது. ஒரு வீரர் தொடர்ந்து இருமினால், பையிலிருக்கும் சளி மாத்திரையையோ அம்மா கட்டிக்கொடுத்த லேகியத்தையோ எடுத்து நீட்டத் தோன்றும். ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளின்படி, தம் உடலில் காணப்படும் எந்தப் பொருளுக்கும் வீரரே பொறுப்பு. யார் கொடுத்தார்கள், என்ன எண்ணத்தில் கொடுத்தார்கள் என்பதெல்லாம் விதிமீறலை இல்லாமல் ஆக்கிவிடாது. சாதாரணச் சளி மாத்திரைகள் சிலவற்றில் இருக்கும் சூடோஎஃபெட்ரின், போட்டி நேரத்தில் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் தடை செய்யப்பட்ட பொருளாகிவிடுகிறது. ஆகவே மருந்து எதையும் தராமல் மருத்துவக் குழுவை அழைப்பதும், தண்ணீரைக்கூட முத்திரை உடையாத பாட்டிலாகவே தருவதும்தான் முறை.

பாரா போட்டிகளில் இந்த அவசர உதவி வேறு வடிவம் எடுக்கிறது. சக்கர நாற்காலி அதில் அமர்ந்திருப்பவரின் உடலின் ஒரு பகுதி போன்றது. கேட்காமல் பின்னாலிருந்து தள்ளுவது மரியாதைக் குறைவு, சில வேளைகளில் ஆபத்தும்கூட. பார்வையற்ற ஒருவரின் கையைப் பிடித்து இழுக்காமல், அவர் நம் முழங்கையைப் பற்றிக்கொள்ள விடவேண்டும். முழுமையாகவோ ஏறக்குறைய முழுமையாகவோ பார்வையிழந்தவர்களுக்கான டி11 பிரிவு நீளம் தாண்டுதலில், வழிகாட்டி எழுப்பும் ஒலியைக் கேட்டுத்தான் வீரர் ஓடிவந்து தாண்டுகிறார். அந்தக் கணத்தில் அரங்கம் அமைதியாக இருக்க வேண்டும். பாரா உயரம் தாண்டுதல் வீரரான சேலத்து மாரியப்பன் தங்கவேலு போன்றவர்களைப் பார்த்து ஆரவாரம் செய்தே பழகிய நமக்கு இது கடினம்தான், ஆனால் கூட்டத்தை அடக்க வேண்டிய தன்னார்வலரே கைதட்டத் தொடங்கினால் அந்தத் தாண்டல் கெட்டுவிடும்.

தெரியாத வழியைத் தெரிந்ததுபோல் சொல்வதும் நம் ஊர்ப் பழக்கம். தவறான வாயிலுக்கு அனுப்பப்பட்ட பயிற்சியாளர் மீண்டும் பாதுகாப்புச் சோதனையைக் கடந்து வருவதற்குள் போட்டியே தொடங்கிவிடலாம் என்பதால், தெரியாவிட்டால் மேற்பார்வையாளரைக் கேட்டுச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடையாள அட்டையைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போடாதீர்கள். அதிலுள்ள குறியீட்டைக் கொண்டு போலி அட்டை செய்ய முயல்பவர்கள் இருக்கிறார்கள். வீரர்களோடு தற்படம் எடுப்பதையும் பணி நேரத்தில் தவிர்க்க வேண்டும். அணியினரிடையே காதில் விழும் காயம் பற்றிய செய்தியை நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் பகிர்வது அதைவிட மோசம், ஏனெனில் சூதாட்டக்காரர்கள் தேடுவது இத்தகைய தகவலைத்தான். தன்னார்வலர் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லி எவரேனும் பணம் கேட்டால், அதை மோசடி என்றே கொள்ளலாம். போட்டியின் அதிகாரபூர்வ இணையதளத்தில் மட்டும் பதிவு செய்யுங்கள்.

மாலை அமர்வுகள் பெரும்பாலும் நேரம் கடந்தே முடிகின்றன. கடைசி மெட்ரோவை நம்பி நிற்காமல், அதே பகுதியில் வசிக்கும் சக தன்னார்வலர்களோடு சேர்ந்து வண்டிக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இரவில் யாரோடு, எந்த வழியாக வருகிறீர்கள் என்பதை வீட்டுக்கும் முதல் நாளே தெரிவித்துவிடுங்கள்.