ஸ்காட்லாந்து நெசவாளர் வம்சாவளி: தேடலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெய்ஸ்லியிலோ டண்டீயிலோ தறி ஓட்டிய ஒரு குடும்பத்தின் வேரைத் தேடும்போது ஆவணம் கிடைக்காமல் திண்டாடுவதைவிட, ஆளை மாற்றிப் பிடிப்பதுதான் அதிகம். கில்பார்க்கன் ஒரு கிராமம். 1830-களில் அங்கே மட்டும் ஏறத்தாழ 800 தறிகள் இருந்தன. ஜான், ஜேம்ஸ், வில்லியம், ராபர்ட் என்று நாலைந்து பெயர்களே தெருவுக்குத் தெரு திரும்பத் திரும்ப வரும். எல்லாருக்கும் தொழில் நெசவு. பெயர், ஊர், தொழில் மூன்றும் பொருந்துகிறதே என்று ஒருவரைக் கொள்ளுத் தாத்தாவாக எழுதிக்கொண்டால், அதற்கு மேலே தேடும் நூறு வருஷமும் அடுத்த வீட்டுக்காரர் வம்சமாக இருக்கலாம்.

இதற்கு மருந்து ஸ்காட்லாந்து ஆவணங்களிலேயே இருக்கிறது. அங்கே பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் கல்யாணத்தோடு மறைந்துவிடுவதில்லை. பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவில், கல்லறைக் கல்லில், பிள்ளைகளின் இறப்புச் சான்றிதழில் எல்லாம் அது வரும். 1855-க்குப் பிந்தைய இறப்புப் பட்டியலில் மணமான பெண்ணை இரண்டு பெயரிலும் தேடலாம். ஆகவே தனி ஆளைத் தேடாமல் தம்பதியைத் தேடுங்கள். ஸ்காட்லாந்து அரசின் வம்சாவளி ஆவணத் தளமான ஸ்காட்லண்ட்ஸ்பீப்பிளில், பழைய பங்குப் பதிவேட்டுத் தேடலில் (பங்கு என்பது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி) பிள்ளையின் பெயரைக் காலியாக விட்டு, குடும்பப் பெயரோடு அப்பா அம்மா பெயரை மட்டும் கொடுத்தால் அந்தத் தம்பதியின் பிள்ளைகள் வரிசையாக வந்து நிற்பார்கள். ஒரு ஜேம்ஸை அடையாளம் காட்டாத பதிவேடு, ஏழு பிள்ளைகளோடு சேர்ந்த ஜேம்ஸைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பெயர் வைக்கும் முறையும் கைகொடுக்கும். மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தா பெயர், மூன்றாமவனுக்கு அப்பா பெயர். மூத்த மகளுக்கு அம்மாவழிப் பாட்டி, இரண்டாமவளுக்கு அப்பாவழிப் பாட்டி. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது என்று அறிந்த நமக்கு இது புதிதல்ல. ஆனால் இதை ஆதாரமாக வைத்து வம்சம் எழுதுவது தவறு. எங்கே தேடலாம் என்று திசை காட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூத்த பிள்ளை இறந்துபோனால் அதே பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பதும் வழக்கம். 1812-ல் ஒரு ராபர்ட், 1816-ல் இன்னொரு ராபர்ட் என்றால் முதல் குழந்தை பிழைக்கவில்லை என்றே பெரும்பாலும் கொள்ளலாம். முதல் பதிவைப் பிடித்துக்கொண்டு அவனுக்குக் கல்யாணம் செய்துவைப்பவர்கள் ஏராளம்.

குடும்பப் பெயரும் கட்டம் போட்ட துணியும்

வெப்ஸ்டர் என்ற சொல்லுக்கு நெசவாளர் என்று பொருள். அதனால் வெப்ஸ்டர் குடும்பமெல்லாம் நெசவாளர் பரம்பரை என்று ஆகாது. பரம்பரைக் குடும்பப் பெயராக நிலைத்துவிட்ட பிறகு அதற்கும் தொழிலுக்கும் தொடர்பு அற்றுப்போனது. உங்கள் நெசவாளர் பெயர் பேக்ஸ்டராக, அதாவது ரொட்டிக்காரராக, இருக்கலாம்.

இன்னொரு கண்ணி டார்டன். குடும்பப் பெயரைக் கடையில் சொன்னால் ஒரு கட்டத்துணியையும் அதோடு ஒரு குலத் தலைவரையும் சேர்த்துத் தந்துவிடுவார்கள். மேற்கிலும் கிழக்கிலும் பருத்தியும் லினனும் நெய்தவர்களில் பெரும்பாலோர் தாழ்நிலத்து மக்கள். மலைநாட்டுக் குல அமைப்புக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் குறைவு. பெயருக்கொரு டார்டன் என்ற வழக்கம் பரவியதே 1822-ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்ததை ஒட்டித்தான். பேனக்பர்ன் ஊர் வில்சன் நிறுவனம் அப்போது டார்டனை மொத்தமாக நெய்து விற்றது. அது வியாபார வரலாறு. அதை வைத்து ஒரு தலைமுறைகூடப் பின்னால் போக முடியாது.

1855-ஐத் தாண்டிக் குதிப்பது

ஸ்காட்லாந்தில் அரசுப் பதிவு தொடங்கியது 1855 ஜனவரி 1. அந்த ஒரே வருஷம் பதிவாளர்கள் கேட்ட அளவுக்கு விவரம் பின்னர் ஒருபோதும் கேட்கப்படவில்லை. 1855 பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் வயது, பிறந்த ஊர், கல்யாணம் நடந்த நாளும் இடமும், மூத்த பிள்ளைகள் எத்தனை பேர் என்பது வரை இருக்கும். 1855 இறப்புச் சான்றிதழில் இறந்தவர் பிறந்த ஊர், துணையின் பெயர், பெற்ற பிள்ளைகள் அத்தனை பேர் பெயரும் வயதும், புதைத்த இடம் எல்லாம் உண்டு. வேலை தாங்காமல் 1856-ல் பலவற்றை வெட்டிவிட்டார்கள். 1856 முதல் 1860 வரையிலான இறப்புச் சான்றிதழில் துணையின் பெயர்கூட இல்லை. 1861-ல்தான் திரும்பி வந்தது. பெற்றோரின் கல்யாண விவரம் பிறப்புச் சான்றிதழுக்குத் திரும்பியதும் 1861-ல்தான்.

எனவே உங்கள் நேர் மூதாதை 1858-ல் இறந்திருந்தால் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். அவருடைய அண்ணன் தம்பி, அக்கா தங்கை யாராவது 1855-ல் இறந்தார்களா, 1855-ல் பிள்ளை பெற்றார்களா என்று பாருங்கள். பக்கவாட்டு உறவின் சான்றிதழ்ப் படத்தைத் தளத்தில் பார்க்கச் செலவழிக்கும் அந்தக் கட்டணம் வீணாகாது.

சான்றிதழை வாங்கியதும் தகவல் சொன்னவர் யார் என்ற கட்டத்தை முதலில் படியுங்கள். மகன் சொன்ன பாட்டி பெயருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதற்கும் வித்தியாசம் உண்டு. இடது ஓரத்தில் திருத்தப் பதிவேட்டைக் காட்டும் குறிப்பு இருந்தால் அதையும் எடுங்கள். தகப்பன் பெயரை நீதிமன்றம் தீர்மானித்த வழக்கு, திடீர் மரண விசாரணை எல்லாம் அங்கேதான் இருக்கும்.

1841-ன் வயதுக் கணக்கு

1841 ஜூன் 6 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் கீழிறக்கி எழுதச் சொல்லியிருந்தார்கள். எல்லாக் கணக்கெடுப்பாளரும் அதைப் பின்பற்றவில்லை, பெரும்பாலோர் பின்பற்றினார்கள். "40" என்று இருந்தால் 40 முதல் 44 வரை எதுவாகவும் இருக்கலாம். அதாவது 1796 ஜூனுக்கும் 1801 ஜூனுக்கும் இடையில் பிறந்தவர். அதே ஆள் 1851 மார்ச் 30 கணக்கெடுப்பில் 52 என்றால் 1798 மார்ச் கடைசிக்கும் 1799 மார்ச் கடைசிக்கும் இடையில் என்று சுருங்கும். 1841-ஐ மட்டும் வைத்து "1801-ல் பிறந்தார்" என்று எழுதினால் ஞானஸ்நானப் பதிவு கண்ணெதிரே இருந்தும் தள்ளிவிடுவீர்கள்.

1841-ல் உறவுமுறை எழுதப்படவில்லை. ஒரே வீட்டில் இருக்கும் இளைஞன் மகனா, தறி வாடகைக்கு எடுத்துத் தங்கியவனா என்று அதில் தெரியாது. பிறந்த ஊரும் இல்லை, அதே மாவட்டத்தில் பிறந்தவரா, இல்லையென்றால் இங்கிலாந்தா அயர்லாந்தா வெளிநாடா என்பது மட்டுமே. 1851-ல்தான் ஊர்ப் பெயர் வருகிறது. தொழில் கட்டத்தில் "ஹெச்.எல்.டபிள்யூ." என்று இருந்தால் கைத்தறி நெசவாளர் என்று அர்த்தம், பெயரின் முதலெழுத்து என்று நினைத்துவிட வேண்டாம்.

ஃபைஃப் மாவட்டத்து லினன் நெசவாளர்களைத் தேடுவோர் ஒன்றைத் தெரிந்துகொண்டால் பல நாள் மிச்சம். ஆக்டர்மக்டி, சீரஸ், கொலெஸ்ஸி, கூப்பர், லெஸ்லி, கிர்க்கால்டி உள்ளிட்ட பல பங்குகளின் 1841 ஏடுகள் தொலைந்துபோய்விட்டன. எழுத்துக்கூட்டலை எத்தனை விதமாக மாற்றினாலும் அகப்படாது. நேரே 1851-க்குப் போய்விடுங்கள்.

பதிவேட்டில் இல்லை என்றால் பிறக்கவில்லை என்றா?

1855-க்கு முந்தைய பங்குப் பதிவேடு ஸ்காட்லாந்து அரசுத் திருச்சபையுடையது. நெசவாளர்களோ அந்தச் சபையோடு சண்டை போட்டுப் பிரிவதில் முன்னணியில் நின்றவர்கள். 1733-ல் முதல் பிரிவு. அது 1747-ல் பர்கர், எதிர்பர்கர் என்று மறுபடி உடைந்தது. 1761-ல் ரிலீஃப் சபை. 1843-ல் பெரும் பிளவில் ஃப்ரீ சர்ச். பிரிந்து போனவர்களின் பிள்ளைகள் பலர் அரசுச் சபை ஏட்டில் ஏறவே இல்லை. போதாததற்கு 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி இருந்தது; கூலி நெசவுக் குடும்பம் அதைத் தவிர்த்ததில் வியப்பில்லை.

ஆகவே பங்குப் பதிவேட்டில் தேடிவிட்டு நிறுத்தாமல், அதே தளத்தில் "பிற சபைகள்" பிரிவிலும் தேடுங்கள். அங்கும் இல்லையென்றால் சபை மூப்பர் குழுவின் ஏடுகள். ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் அரசுச் சபையுடையவை சி.ஹெச்.2 வரிசையிலும், பிரிந்த சபைகளுடையவை சி.ஹெச்.3 வரிசையிலும் உள்ளன. அவற்றில் பல இணையத்தில் வந்துவிட்டாலும் பெயர்ப் பட்டியல் இல்லை. பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் ஊர் மாறியவர்கள் கொண்டுவந்த நன்னடத்தைச் சான்று, கல்யாணத்துக்கு முன் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் யார் என்ற விசாரணை போன்றவை அங்கேதான் கிடைக்கும்.

கல்யாணப் பதிவைப் படிப்பதிலும் ஒரு சறுக்கல் உண்டு. பல பதிவுகள் கல்யாண நாளைச் சொல்பவை அல்ல, ஓலை வாசித்த நாளை, அதாவது நடக்கவிருக்கும் கல்யாணத்தைக் கோயிலில் அறிவித்த நாளைச் சொல்பவை. பெண்ணும் மாப்பிள்ளையும் வேறு வேறு பங்கு என்றால் இரண்டு இடத்திலும் வாசிப்பார்கள். தேதி ஒரு வாரம் தள்ளியிருப்பதைப் பார்த்து இரண்டு தம்பதிகள் என்று எழுதக்கூடாது. பதிவே இல்லாவிட்டாலும் மணமாகாதவர்கள் என்று முடிவுகட்ட முடியாது. இருவர் சம்மதித்து ஏற்றுக்கொண்டாலே கல்யாணம் செல்லும் என்ற சட்டம் 1940 வரை அங்கே இருந்தது.

பெய்ஸ்லிக்கு ஒரு தனி எச்சரிக்கை. நகருக்குள் லோ, மிடில், ஹை என்று மூன்று பங்குகள். சுற்றிலும் ஆபி பங்கு. இரண்டு தெரு தள்ளி வீடு மாறினாலே பிள்ளைகளின் பெயர் வேறு ஏட்டுக்குப் போய்விடும். நடுவில் நாலு வருஷம் பிள்ளை இல்லாததுபோல் தெரிந்தால் பக்கத்துப் பங்கைப் பாருங்கள்.

இங்கிலாந்துப் பழக்கத்தில் வருஷத்தைத் திருத்துவதும் கூடாது. இங்கிலாந்தில் 1752 வரை புத்தாண்டு மார்ச் 25. ஸ்காட்லாந்து 1600-லேயே ஜனவரி 1-க்கு மாறிவிட்டது. 1740 பிப்ரவரி என்றால் அது 1740 பிப்ரவரிதான்.

தொழில் சொற்கள்

பெய்ஸ்லி ஆவணத்தில் "மேனுஃபேக்சரர்" என்றால் ஆலை முதலாளி என்று துள்ள வேண்டாம். நெசவாளர்களுக்குப் பாவும் ஊடையும் கொடுத்து, நெய்த துணியை வாங்கிக்கொள்பவர் அவர். "கஸ்டமர் வீவர்" என்பவர் ஊரார் கொண்டுவரும் நூலை நெய்து கூலி வாங்குபவர். "பிர்ன் வைண்டர்" தார் சுற்றுபவர், அதாவது ஊடை நூலைக் குழலில் சுற்றுபவர். பெரும்பாலும் மனைவி, பிள்ளை, அல்லது வயதான அம்மா. "டிராபாய்" பூவேலைத் தறியில் கயிறு இழுத்த சிறுவன். "டென்டர்" விசைத்தறியைப் பழுதுபார்த்து ஓட்டம் குறையாமல் வைப்பவர், நெசவாளரைவிட ஒரு படி மேல். "ஹெக்லர்" சணல்நாரையும் ஆளிநாரையும் சீவுபவர். மனைவியின் தொழில் கட்டம் காலியாக இருப்பதால் அவர் சும்மா இருந்தார் என்று பொருளல்ல. வீட்டுத் தறியில் அவர் பங்கைக் கணக்கெடுப்பாளர் எழுதவில்லை, அவ்வளவுதான். டண்டீ சணல் ஆலைகளிலோ நிலைமை தலைகீழ்: அங்கே பெரும்பான்மைத் தொழிலாளர்கள் பெண்களே. "விசைத்தறி நெசவாளர்" என்று இருந்தால் ஆணைத் தேடிப் போகாதீர்கள்.

நியூமில்ன்ஸ், டார்வெல் பக்கத்தில் "மெட்ராஸ்" நெய்தவர் என்று பார்த்துச் சென்னைத் தொடர்பு தேட வேண்டாம். அங்கே நெய்த மெல்லிய திரைச்சீலைத் துணிக்கு அந்தப் பெயர்.

நெசவாளர் என்றாலே கைவினைச் சங்கத்து ஏட்டில் இருப்பார் என்று நம்புவதும் வீண். டண்டீயின் ஒன்பது கைவினைச் சங்கங்களில் நெசவாளர் சங்கமும் ஒன்று. கிளாஸ்கோவிலும் சங்கம் உண்டு. ஆனால் அவை நகர உரிமை பெற்றவர்களுக்கானவை. கால்டன் போன்ற புறநகர்ப் பருத்தி நெசவாளர்கள் நகர எல்லைக்கே வெளியில் இருந்தார்கள். 1787-ல் கூலிக் குறைப்பை எதிர்த்துப் படையினரின் துப்பாக்கிச்சூட்டில் செத்தவர்கள் அவர்கள்தான்.

ஏழை நெசவாளரின் வாழ்க்கை விரிவாகக் கிடைப்பது வேறோர் இடத்தில்: 1845 சட்டத்துக்குப் பின் வந்த ஏழைநிவாரண விண்ணப்பங்கள். கிளாஸ்கோ மிட்செல் நூலகத்தில் உள்ள தொகுப்பு மிகப் பெரியது. விண்ணப்பதாரர் பிறந்த ஊர், பெற்றோர், துணை, பிள்ளைகள், இதற்கு முன் குடியிருந்த முகவரிகள் வரை எழுதியிருப்பார்கள். உடல்வலு உள்ள வேலையற்றவருக்கு அங்கே நிவாரணம் கிடையாது. ஆகவே குடும்பத் தலைவர் பெயரில் தேடிக் கிடைக்காவிட்டால் விதவை, கிழவர், நோயாளி, கைவிடப்பட்ட மனைவி பெயரில் தேடுங்கள். அயர்லாந்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு இது மிக முக்கியம். கணக்கெடுப்பில் "அயர்லாந்து" என்ற ஒரே சொல்லோடு நின்றுவிடும் இடத்தில், விண்ணப்பம் பல நேரம் மாவட்டத்தையே சொல்லிவிடும்.

குடும்பம் 1820-ஐ ஒட்டி ஏட்டிலிருந்து மறைந்தால் உடனே இறந்துவிட்டதாக எழுதாதீர்கள். 1820, 1821-ல் கிளாஸ்கோ, லனார்க்‌ஷயர் நெசவாளர்கள் குடியேற்றச் சங்கம் கட்டி, அரசு உதவியோடு கப்பலேறி, இன்றைய ஒன்டாரியோவின் லனார்க், டால்ஹௌசி, ராம்சே பகுதிகளில் காடு வெட்டி நிலம் பெற்றார்கள். அங்கே போனதும் தொழில் கட்டத்தில் "விவசாயி" என்றாகிவிடும்; நெசவாளர் என்று தேடினால் கிடைக்க மாட்டார். நிலம் வழங்கிய பதிவுகளையும் கல்லறைக் கற்களையும் பாருங்கள். அந்தக் கற்களில் சிலவற்றில், விட்டுவந்த பங்கின் பெயரை ஊரோடு வெட்டி வைத்திருப்பார்கள்.