செயின்ட் ஆண்ட்ரூஸைத் தாண்டி: லிங்க்ஸ் மைதானம் தேர்வு செய்வது எப்படி?

ஸ்காட்லாந்துக்கு கோல்ஃப் ஆடக் கிளம்புகிறவர்கள் ஓபன் என்ற பெரிய சாம்பியன்ஷிப் போட்டி நடந்த மைதானங்களாகப் பார்த்து டீ டைம் (ஆட்டம் தொடங்கும் நேரப் பதிவு) தேடுவார்கள். பெயரை விடுங்கள், மண்ணைப் பாருங்கள். கடலோரத்தில் இருப்பதெல்லாம் லிங்க்ஸ் எனப்படும் மணல் மைதானம் ஆகிவிடாது. பாறை விளிம்பில் களிமண் மேல் அமைந்த மைதானத்தில் கடல் அழகாகத்தான் தெரியும். ஆனால் மழை பெய்தால் பந்து விழுந்த இடத்திலேயே புதைந்துவிடும். கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவே கிடக்கும் மணல் மேடுதான் லிங்க்ஸ். தண்ணீர் சட்டென்று இறங்கிவிடும்; ஃபெஸ்க்யூ என்ற புல் மெலிசாக வளரும்; தரை கெட்டியாக இருப்பதால் பந்து உருண்டோடும்.

சாட்டிலைட் வரைபடத்திலேயே இதைப் பாதி சோதித்துவிடலாம். கோடையில் எடுத்த படத்தில் ஃபேர்வே (குழிக்குப் போகும் வழியில் வெட்டிய புல்தரை) வெளிறி, மேடும் பள்ளமுமாக இருந்தால் நல்லது. பச்சைப் பசேலென்று மரமும் குளமுமாக இருந்தால் தாண்டிப் போங்கள்.

மைதானத்தின் நீளத்தை, அதாவது கெஜக் கணக்கைப் பார்த்து ஏமாறுவதுதான் அடுத்த தவறு. ஃபைஃப் பகுதியில் உள்ள கிரெய்ல் பால்கோமி 6,000 கெஜத்தைக்கூடத் தொடாது. பக்கத்து ஊரான ஈலியில் 18 குழிகளில் 16 பார் 4 (நான்கு அடியில் முடிக்க வேண்டியவை), மீதி இரண்டு பார் 3. பார் 5 ஒன்றுகூட இல்லை. சுலபம் என்று நினைத்தால் காற்று பாடம் நடத்தும். மணிக்கு 10 மைல் எதிர்காற்றுக்கு ஒரு கிளப் கூட்டிக்கொள்வது, அதாவது பந்தை ஒரு படி அதிக தூரம் அனுப்பும் மட்டையை எடுப்பது பொதுக் கணக்கு. 25 மைல் எதிர்காற்றில் 400 கெஜ பார் 4 பலருக்கு இரண்டு அடியில் எட்டாது. ஈலியின் முதல் குழி மேட்டுக்கு அப்பால் மறைந்திருக்கும். ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் ஊழியரான ஸ்டார்ட்டர் தன் குடிலில் இருக்கும் பழைய நீர்மூழ்கிக் கப்பலின் பெரிஸ்கோப் வழியாகப் பார்த்து, முன்னே போன குழு விலகிய பிறகே உங்களை அடிக்க விடுவார்.

தினம் ஓர் ஊர் மாறாதீர்கள். புகழ்பெற்ற ஒரு மைதானத்தின் ஊரில் தங்கி, சுற்றியுள்ளவற்றை ஆடுங்கள். வடக்கே டார்னோக்கில் தங்கினால் அந்தக் கால கோல்ஃப் வீரர் ஓல்ட் டாம் மோரிஸ் 1890இல் அமைத்த டெய்ன், பிறகு கோல்ஸ்பி, இன்னொரு வீரர் ஜேம்ஸ் பிரெய்ட் வடிவமைத்த ப்ரோரா மூன்றும் காரில் சுமார் அரை மணி நேரத்துக்குள். ரயிலில் போகிறவர்கள் கவனிக்க: அந்த மூன்று ஊர்களிலும் நிலையம் உண்டு, டார்னோக்கில் இல்லை. நேரம் குறைவென்றால் கோல்ஸ்பியை விடலாம், ப்ரோராவை விடவே கூடாது.

பணம் கட்டுவதற்கு முன் மைதானத்தை நடத்தும் சங்கத்துக்கு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். சனிக்கிழமை உறுப்பினர் போட்டி உண்டா? உண்டென்றால் வெளியாருக்கு நல்ல நேரம் கிடைக்காது. கிரீன்களில் (குழியைச் சுற்றியுள்ள மிருதுவான புல்தரைகளில்) துளையிடும் பராமரிப்பு எந்த வாரம்? அந்த வாரம் பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டிங் பாழ். குளிர்காலத்தில் போனால், ஃபேர்வேயில் பாய் வைத்துத்தான் அடிக்க வேண்டுமா என்பதையும் கேளுங்கள். உங்கள் ஆட்டத் திறனைக் காட்டும் ஹேண்டிகேப் சான்றிதழ் கையோடு இருக்கட்டும்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரின் புகழ்பெற்ற ஓல்ட் கோர்ஸ் மைதானத்தில் ஆட ஆசை இருந்தால், இரண்டு நாள் முன்பு நடக்கும் குலுக்கலில் பெயர் கொடுத்து வையுங்கள். அங்கே வழக்கமாக ஞாயிறு ஆட்டம் கிடையாது. அந்த நாளை அதே ஃபைஃப் பகுதியில் உள்ள கிரெய்லுக்கோ ஈலிக்கோ முன்கூட்டியே பதிவு செய்துவிடலாம். ஜூனில் இரவு 10 மணி வரை வெளிச்சம் இருக்கும் என்பதால், மாலைக் கட்டணம் தனியாக உண்டா என்றும் விசாரியுங்கள்.