வீட்டிலேயே எடுத்து அனுப்பும் உடல் அளவு: தோட்டப்புறக் கணக்கெடுப்புக்கு ஒரு கைவழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்தை ஒட்டிய ஊரில் எல்லாரையும் ஒரே நாளில் கோயில் மண்டபத்துக்கு வரவழைத்து அளப்பது நடக்காத காரியம். அப்பா விடியுமுன் பெரட்டுக்கு (தோட்டத்துக் காலை ஆள்கணக்குக்கு) போய்விடுவார், அம்மா ஃபேக்டரி பஸ் ஏறிவிடுவார், பிள்ளைகளுக்கு ஈப்போவில் வேலை. அதனால் உயரம், எடை, வயிற்றுச் சுற்றளவு மூன்றையும் வீட்டிலேயே எடுத்துக் கைப்பேசியில் அனுப்பச் சொல்வது நல்ல வழிதான். ஆனால் அந்த அளவுகள் எந்தப் பக்கம் சாயும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

உயரத்தைக் கொஞ்சம் கூட்டியும் எடையைக் கொஞ்சம் குறைத்தும் சொல்வது உலகம் முழுக்க உள்ள பழக்கம். 158 செ.மீ. உயரமும் 70 கிலோ எடையும் உள்ளவருக்கு பிஎம்ஐ (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 28.0. அவரே 160, 68 என்று எழுதினால் 26.6 ஆகிவிடும். ஆசியர்களுக்கு அதிக ஆபத்து தொடங்கும் இடமாக உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இல் சொன்ன அளவு 27.5. ஆக, யாரும் பெரிய பொய் சொல்லாமலேயே ஒருவர் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிடுகிறார். எனவே “உங்கள் எடை என்ன?” என்று கேட்கவே கேட்காதீர்கள். “இப்போது ஏறி நின்று பார்த்து, தெரியும் எண்ணை எழுதுங்கள்” என்று கேளுங்கள்.

மூன்று அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கழுத்து, கை, தொடை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் பாதியில் விட்டுவிடுகிறவர்கள்தான் கூடுவார்கள்.

கையில் கொடுக்க வேண்டியவை

ஒரு வீட்டுக்கு ஒரு தையல் டேப், பென்சில், படம் போட்ட ஒரு தாள் போதும். எடைக் கருவியையும் இரும்பு டேப்பையும் வீட்டு வரிசைக்கு ஒன்றாக வைத்து, தொண்டர் ஒருவர் வீடு வீடாகக் கொண்டுபோகட்டும். எல்லாரும் ஒரே கருவியில் ஏறினால், கருவியில் பிழை இருந்தாலும் அது எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கும், பிறகு திருத்திக்கொள்ளலாம்.

தையல் டேப் மலிவாகக் கிடைக்கும், ஆனால் இழுபட்டு நீளும். ஒவ்வொன்றையும் இரும்பு டேப்பின் பக்கத்தில் வைத்து 100 செ.மீ. கோட்டைப் பாருங்கள். 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். சாதாரண டேப் 150 செ.மீ.தான் இருக்கும், உடல் பெரியவர்களுக்குப் பற்றாது. 200 செ.மீ. டேப் சிலவற்றையும் வாங்கி வையுங்கள், அவர்களைக் கூச்சப்பட வைக்கக்கூடாது. முக்கியமாக, ஒரு பக்கம் இஞ்சும் மறு பக்கம் செ.மீ.யும் உள்ள டேப் என்றால் இஞ்சு பக்கத்தை மாஸ்கிங் டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். தையல் தெரிந்த அம்மாக்களுக்குக் கண் தானாக இஞ்சுக்குத்தான் போகும்.

காகித டேப்பை அச்சடித்துக் கொடுப்பதானால் ஒரு சோதனை அவசியம். அச்சு இயந்திரம் பக்கத்துக்குப் பொருந்தும்படி படத்தைச் சுருக்கிவிடும், கண்ணால் பார்த்தால் தெரியாது. டோலுக்கும் பஸ்ஸுக்கும் காட்டும் டச் அண்ட் கோ அட்டையின் நீளம் 85.6 மி.மீ. அதை அச்சடித்த அளவுகோலின் மேல் வைத்தால் உடனே தெரிந்துவிடும். மைகார்டும் (அடையாள அட்டை) அதே அளவுதான், ஆனால் அதை வெளியே எடுக்கச் சொல்லாதீர்கள். யாராவது அதோடு சேர்த்துப் படம் எடுத்து அனுப்பிவிடுவார்கள்.

உயரம்

காலையில் இருக்கும் உயரம் சாயங்காலம் இருக்காது. முதுகெலும்பின் வட்டுகள் நாள் முழுக்க அமுங்கி ஒரு செ.மீ. வரை, சிலருக்கு அதற்கு மேலும் குறையும். பழக்குலை வெட்டித் தூக்கிவிட்டு வந்தவரை மாலையில் அளந்து, அவர் மனைவியைக் காலையில் அளந்தால் ஒப்பிட முடியாது. நேரத்தையும் படிவத்தில் எழுத வையுங்கள்.

சுவரின் அடியில் ஓரப் பலகை (ஸ்கர்ட்டிங்) ஓடாத இடமாகப் பாருங்கள், இருந்தால் குதிகால் சுவரைத் தொடாது. செருப்பு வேண்டாம், கொண்டையை அவிழ்த்துவிட வேண்டும். குதிகால், பிட்டம், தோள்பட்டை சுவரில் பட, நேர் எதிரே பார்த்து நிற்கட்டும். முகவாயைத் தூக்கினால் உச்சி பின்னால் சாய்ந்து உயரம் மாறிவிடும். இன்னொருவர் கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றின் முதுகைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, தலையில் படும்வரை இறக்கி, அதன் அடிப்பக்கத்தில் பென்சில் கோடு போட வேண்டும். தானே தலையில் வைத்துப் பிடித்தால் புத்தகம் சாயும், அதனால் இதற்கு இரண்டு பேர் கட்டாயம். தரையிலிருந்து கோடு வரை இரும்பு டேப்பால் அளக்கலாம். டேப்பின் முனைக் கொக்கி கொஞ்சம் ஆடும், அது பழுதில்லை. தரையில் நன்றாக அழுத்திப் பிடித்தால் போதும்.

கூன் விழுந்த பெரியவர்களையும், கால் எடுக்கப்பட்டவர்களையும் சுவரோடு நிறுத்திக் கஷ்டப்படுத்த வேண்டாம். “அளக்க இயலவில்லை” என்று ஒரு கட்டம் படிவத்தில் இருக்கட்டும்.

எடை

டிஜிட்டல் எடைக் கருவி கெட்டியான தரையில்தான் சரியாகக் காட்டும். பிளாஸ்டிக் பாய், கம்பளம், கம்பத்து வீட்டின் பலகைத் தரை எதுவும் சரிவராது. அஞ்சடியில் (வாசல் நடைபாதையில்) சிமெண்டுத் தரை இருந்தால் அங்கே வையுங்கள். காலையில், சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன், லேசான உடையில் ஏறுவது நல்லது. வெயிலில் வேர்க்க வேலை செய்துவிட்டு வந்த உடனே எடுத்தால் எடை குறைந்து தெரியும்.

கருவியைச் சோதிக்க, பிரிக்காத 10 கிலோ அரிசிப் பை போதும். பையை மட்டும் வைத்துப் பார்க்காதீர்கள், சில கருவிகள் லேசான எடையைச் சரியாகக் காட்டாது. ஒருவர் தனியாக ஏறி, பிறகு பையோடு ஏறட்டும். வித்தியாசம் 9.8-க்கும் 10.2-க்கும் வெளியே போனால் பேட்டரியை மாற்றிப் பாருங்கள், அப்படியும் மாறாவிட்டால் கருவியை மாற்றுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இரண்டாம் முறை ஏறும்போது, எடை முந்தியதற்கு அருகில் இருந்தால், சில கருவிகள் பழைய எண்ணையே திரும்பக் காட்டும்படி செய்யப்பட்டிருக்கின்றன. “இரண்டு முறையும் ஒரே எண்தான் வந்தது” என்பதற்கு அப்போது அர்த்தமே இல்லை. இரண்டு அளவுக்கும் நடுவில் அரிசிப் பையோடு ஒருமுறை ஏறி இறங்கினால் அந்த நினைவு கலைந்துவிடும்.

வயிற்றுச் சுற்றளவு

மூன்றில் அதிகம் தவறுவது இதுதான், ஆகவே பயிற்சி நேரத்தில் பாதியை இதற்கே கொடுங்கள். “இடுப்பளவு” என்று மட்டும் எழுதினால் ஆண்கள் சிலுவார் அளவை எழுதுவார்கள். 34 சிலுவாரைத் தொப்பைக்குக் கீழே இறக்கிப் போட்டிருப்பவரின் வயிறு 40 இஞ்சாக இருக்கலாம். தொப்புளையும் அடையாளமாகச் சொல்லாதீர்கள், வயிறு பெரிதாகும்போது தொப்புள் கீழே இறங்கிவிடும்.

எலும்பை வைத்துத்தான் இடம் கண்டுபிடிக்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் முறைப்படி, கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே. வேறு சில ஆய்வுகள் இடுப்பெலும்பின் மேலேயே அளக்கும். எதை எடுத்தாலும் கடைசிவரை அதையே எடுங்கள். தொண்டர் இப்படிச் சொல்லிக் கொடுத்தால் புரியும்:

“ஆன்ட்டி, பக்கவாட்டுல விலா எலும்பு முடியிற இடத்த விரலால அமுக்கிப் பாருங்க. கிடைச்சுதா? அங்க கண்மையில ஒரு புள்ளி வைங்க. இப்ப கைய கீழ இறக்குங்க, இடுப்பு எலும்பு கெட்டியா தட்டும். அங்க ஒரு புள்ளி. ரெண்டுக்கும் நடுவுலதான் டேப்பு ஓடணும்.”

சேலைக் கொசுவம், கைலி முடிச்சு, பாவாடை நாடா எதன் மேலும் அளக்கக்கூடாது. அறைக்குள் போய்ச் சட்டையைத் தூக்கித் தோலின் மேல் வைத்து அளப்பதே சரி. டேப் முதுகுப் பக்கம் சரிந்து இறங்கிவிடும், தனக்கே தெரியாது. கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும், அல்லது வீட்டில் ஒருவர் பின்னால் பார்த்துச் சொல்ல வேண்டும். கால்களைச் சற்று அகட்டி நின்று, மூச்சை இயல்பாக வெளியே விட்டு, விட்ட இடத்தில் படிக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுத்தால் சில செ.மீ. போய்விடும். “கொஞ்சம் பேசிக்கொண்டே நில்லுங்கள்” என்றால் இழுத்த வயிறு தானாக விட்டுவிடும். டேப் தோலைத் தொட வேண்டும், அமுக்கக்கூடாது.

கர்ப்பிணிகளிடம் இந்த அளவைக் கேட்க வேண்டாம்.

புகைப்படச் செயலி தேவையா?

முன்னும் பக்கவாட்டிலும் இரண்டு படம் எடுத்தால் உடல் அளவு முழுவதையும் தரும் செயலிகள் இருக்கின்றன. அவை உடலை அளப்பதில்லை. உருவத்தின் வெளிக்கோட்டைப் பார்த்து, நீங்கள் கொடுத்த உயரத்தை வைத்து மற்றதைக் கணக்கிடுகின்றன. 160 செ.மீ. உள்ளவர் 165 என்று போட்டால் 80 செ.மீ. வயிறு 82.5 என்று வரும். தொளதொள உடை, பின்னால் இருட்டு, கைப்பேசி சாய்ந்திருப்பது எல்லாமே வெளிக்கோட்டைக் கெடுக்கும். ஐபோன் 12 புரோ முதலான புரோ வகைகளில் உள்ள, ஒளியால் தூரம் அளக்கும் லைடார் உணரி நிற்பவரின் உயரத்தை நேராகவே காட்டும், ஆனால் அந்தக் கைப்பேசி எத்தனை வீட்டில் இருக்கும்?

இறுக்கமான உடையில் நின்று படம் அனுப்புங்கள் என்று பாஜு கூரோங் போடும் அம்மாவிடமும் சேலை கட்டும் பாட்டியிடமும் கேட்பது முறையில்லை. ஒருமுறை கேட்டுவிட்டால் அந்த வரிசையே கதவைச் சாத்திவிடும். இப்படிப்பட்ட ஊருக்கு டேப்தான் எங்கள் பரிந்துரை.

படிவம்

கைப்பேசியில் படிவம் நிரப்ப உதவும் கோபோ டூல்பாக்ஸ், ஓடிகே இரண்டும் இணையம் இல்லாத இடத்திலும் வேலை செய்யும், லைன் கிடைக்கும்போது அனுப்பிக்கொள்ளும். தோட்டத்துக்குள் லைன் விட்டுவிட்டு வரும் என்பதால் இது முக்கியம். ஐபோன்காரர்கள் உலாவியில் திறந்து நிரப்பலாம். தமிழ், மலாய் இரண்டிலும் வையுங்கள். தமிழ் படிக்கத் தெரியாத இளையோருக்கு மலாய், இரண்டுமே சிரமமான பெரியவர்களுக்குத் தமிழில் ஒரு குரல்பதிவு.

எல்லைகள் போடுங்கள்: உயரம் 130 முதல் 200, எடை 30 முதல் 200, வயிறு 55 முதல் 170. வயிற்றுக்கு 55-க்குக் கீழே வந்தால் “இது இஞ்சா? டேப்பைத் திருப்பிப் பாருங்கள்” என்று செய்தி வரட்டும். எல்லைக்கு வெளியே உண்மையான உடல்களும் உண்டு. “சரிதான், இதுவே என் அளவு” என்று அழுத்தி மேலே போக வழி வேண்டும், இல்லையென்றால் எல்லைக்குள் பொருந்தும் ஒரு பொய் எண்ணை எழுதிவிடுவார்கள்.

மூன்றையும் ஒரு சுற்று முடித்து, மறுபடி முதலிலிருந்து இன்னொரு சுற்று எடுக்கச் சொல்லுங்கள். இரண்டாம் சுற்றைத் தனிப் பக்கமாக வையுங்கள், முதல் எண் கண்ணில் பட்டால் அதையே எழுதிவிடுவார்கள். வயிற்றில் 1 செ.மீ.க்கு மேலோ உயரத்தில் அரை செ.மீ.க்கு மேலோ வேறுபட்டால் மூன்றாவது கேட்டு, நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

வந்த எண்களின் கடைசி இலக்கத்தை எண்ணிப் பாருங்கள். செ.மீ. எண்களில் 0-இலும் 5-இலும் முடிபவை சேர்ந்து ஐந்தில் ஒரு பங்குதான் இருக்க வேண்டும். பாதிக்கு மேல் இருந்தால் மக்கள் அளக்கவில்லை, குத்துமதிப்பாக எழுதியிருக்கிறார்கள்.

சரிபார்ப்பு

தொண்டர்களை முதலில் சோதியுங்கள். இருவர் தனித்தனியாக 10 பேரின் வயிற்றை அளக்கட்டும். ஒவ்வொருவருக்கும் வந்த வித்தியாசத்தை வர்க்கப்படுத்திக் கூட்டி, 20-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். கூட்டுத்தொகை 12.8 என்றால் விடை 0.8 செ.மீ. அது 1.5-ஐத் தாண்டினால் களத்துக்கு அனுப்பாமல் மறுபடி எலும்பு தேடப் பழக்குங்கள்.

பிறகு, பங்கேற்பாளர்களில் 40 பேரையாவது குலுக்கலில் தேர்ந்தெடுத்து, அவர்களே அளந்த அதே நாளில், அவர்கள் எழுதியதைப் பார்க்காத தொண்டர் அளக்க வேண்டும். விருப்பப்பட்டு வருகிறவர்களை மட்டும் எடுத்தால் ஏற்கெனவே கவனமாக அளப்பவர்கள்தான் வருவார்கள். சொந்த அளவிலிருந்து தொண்டர் அளவைக் கழித்து, சராசரியும் திட்ட விலக்கமும் (வித்தியாசங்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) போடுங்கள். வயிற்றளவில் சராசரி −2 செ.மீ., திட்ட விலக்கம் 2.5 என்றால், சராசரிக்கு இரு பக்கமும் திட்ட விலக்கத்தைப் போல் 1.96 மடங்கு போக, பெரும்பாலோரின் பிழை −6.9-க்கும் +2.9-க்கும் இடையில் இருக்கும். ஊரின் சராசரியை 2 செ.மீ. கூட்டித் திருத்தலாம். தனி ஒருவரின் எண்ணை அப்படித் திருத்த முடியாது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் கணக்கைத் தனித்தனியே போடுங்கள்.

இரகசியமும் பதிலும்

மலேசியாவின் 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைக் கூடுதல் கவனம் வேண்டிய தரவாக வைத்து, தெளிவான சம்மதம் கேட்கிறது. அந்தச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளுக்கானது என்றாலும் உங்கள் கணக்கெடுப்பிலும் அதே ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள். பெயர்ப் பட்டியல் ஒருவரிடமும் அளவுகள் வேறொரு கோப்பிலும் இருக்கட்டும், இரண்டையும் இணைப்பது ஓர் எண் மட்டும். வாட்ஸ்அப் குழுவில் யாரும் எடையைப் போட வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சின்ன ஊர், மறுநாள் கடைத்தெருவில் பேச்சாகிவிடும்.

அளவு கொடுத்த ஒவ்வொருவருக்கும் மூடிய உறையில் அவர் எண்களை எழுதிக் கொடுங்கள். வயிறு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால், அதன் கீழே அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானின் (அரசுச் சுகாதார கிளினிக்கின்) முகவரியும் திறக்கும் நேரமும், அங்கே இரத்தச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லும் ஒரு வரியும் இருக்கட்டும்.