ரொமான்டிக் காமெடி பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மோதல், காதல், கல்யாணம், சுபம்; இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று ரொமான்டிக் காமெடியை ஒதுக்கிவிடுவது முதல் தவறு. காதலைச் சாக்காக வைத்துக் காசைப் பற்றிப் பேசுகிற படங்கள் இவற்றில் ஏராளம்.

"காதல் அந்தஸ்தை உடைத்துவிட்டது" என்று நம்புவது அதைவிடப் பெரிய தவறு. பெரும்பாலும் எதுவும் உடைவதில்லை. ஒரே ஒரு ஆள் மட்டும் அந்தப் பக்கம் போய்ச் சேருகிறார். 1990இல் வந்த ‘பிரெட்டி உமன்’ படத்தில், துணிக்கடையில் அவமானப்பட்டுத் திரும்பும் ஏழை நாயகி, அப்புறம் பணக்கார நாயகனின் காசில் வாங்கிய கைநிறையப் பைகளோடு அதே கடைக்குப் போய் அங்கிருப்பவர்களின் மூக்கை உடைக்கிறாள். நாமும் கைதட்டுகிறோம். ஆனால் காசு இருந்தால்தான் மரியாதை என்ற கடையின் சட்டம் அப்படியேதான் இருக்கிறது. அவள் ஜெயித்ததும் அந்தச் சட்டப்படிதான். எந்த முள்கரண்டியை எப்போது எடுப்பது என்று கற்றுக்கொள்ள வேண்டியவளும் அவள்தான். இத்தனைக்கும் இதன் முதல் திரைக்கதை இருவரும் கசப்பாகப் பிரிவதாகத்தான் முடிந்தது.

அதற்காக எல்லாப் படங்களையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. அமெரிக்காவில் வேலையும் காசும் வற்றிப்போன பெருமந்தக் காலத்தில், 1934இல் வந்த ‘இட் ஹேப்பன்ட் ஒன் நைட்’டில் அப்பாவிடமிருந்து ஓடிவரும் பணக்காரப் பெண்தான் பஸ்ஸுக்கு இறங்கி வருகிறாள். அவளைக் கண்டுபிடித்தால் 10,000 டாலர் பரிசு. வேலை இழந்த நிருபரான நாயகனோ, தான் செலவழித்த 39 டாலர் 60 சென்ட் மட்டும் போதும் என்கிறான். அதைப் பார்த்துத்தான் அப்பாவின் மனம் இளகுகிறது. பணம் வேண்டாம் என்பவனுக்குத்தான் பணக்கார வீட்டுப் பெண்! சாமர்த்தியமான ஏற்பாடுதான். ஏழை தன் நேர்மையை நிரூபிக்க வேண்டும். பணக்காரரிடம் யாரும் எதையும் நிரூபிக்கச் சொல்வதில்லை.

மறுத்த பிறகும் துரத்துவதைக் காதலின் ஆழம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பின்னணி இசையை நிறுத்திவிட்டுப் பாருங்கள், அது வெறும் தொல்லை.

கல்யாணத்தோடு கதை முடிந்தது என்று எண்ணுவதும் தவறு. பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகம் 1913இல் மேடையேறியபோது, பூ விற்ற எலைசாவை, அவளுக்கு நாகரிகப் பேச்சு கற்றுக்கொடுத்த பேராசிரியருக்கே கட்டிவைக்கப் பலரும் ஆசைப்பட்டார்கள். ஷா விடவில்லை, 1916இல் ஒரு பின்னுரையே எழுதினார். அதில் எலைசா, கையில் காசில்லாத ஃப்ரெடியை மணந்து பூக்கடை வைக்கிறாள். இருவருக்கும் வியாபாரம் தெரியாது. கணக்கெழுதக் கற்றுக்கொள்ள வகுப்புக்குப் போகிறார்கள்.