வடவாற்றை வரைய ஒரு நோட்டும் சைக்கிளும்

கொள்ளிடத்துத் தண்ணீரை வீராணம் ஏரிக்குக் கொண்டுபோகிற வடவாற்றை நான் கரையோடு போய் வரைந்தேன். நீங்களும் வரையலாம். தஞ்சாவூர்ப் பக்கம் வடுவூர் ஏரிக்குப் போகும் வடவாறு வேறு. பெயரைப் பார்த்துக் குழம்பிவிடாதீர்கள்.

அணைக்கரையில் தொடங்குங்கள். 1836-ல் கட்டிய கீழணை அங்கேதான் கொள்ளிடத்தை மறிக்கிறது. வடகரையில் வடவாறும் வடக்கு ராஜன் வாய்க்காலும் பிரிகின்றன. இரண்டின் தலைமதகையும் குறித்துக்கொண்டு, வடவாற்றங்கரையைப் பிடியுங்கள்.

மலைநாட்டில் ஆறு எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்த்தாலே தெரியும். நம் பக்கம் எல்லாம் சமதளம். மதகைத் திறந்து மூடும் லஸ்கராக இருந்த அப்பா சொல்லிக்கொடுத்த வழி இது: "கரையில நின்னு தண்ணியப் பாரு, அப்புறம் வயலப் பாரு. தண்ணி மேல இருந்தா பாசனம், கீழ இருந்தா வடிகால்." மதகைத் தூக்கினால் தண்ணீர் தானாக வயலில் இறங்க வேண்டுமே, அதனால்தான் பாசனத்துக்கு ஓடுவதை மேட்டிலேயே கொண்டுபோவார்கள். நான் பாசனத்துக்கு நீலமும் வடிகாலுக்குச் சிவப்பும் போட்டேன். சந்தேகம் வந்த இடத்தில் ஒரு வைக்கோலைப் போட்டு, அது நகரும் திசைக்கு அம்புக்குறி.

ஏரிக்கு வந்ததும் அளவுகோலில் ஏமாறாதீர்கள். வீராணம் நிரம்பினால் 47.5 அடி என்பார்கள். அது ஆழமில்லை, கடல்மட்டத்திலிருந்து உயரம். ஏரி கொள்வதே சுமார் 1.46 டி.எம்.சி.தான், இவ்வளவு பெரிய பரப்பில் அந்தத் தண்ணீர் பரவினால் சராசரி ஓர் ஆள் உயரம்கூட வராது. கீழணையில் சொல்லும் 9 அடியோ தேங்கிய தண்ணீரின் ஆழம். இரண்டையும் ஒரே கணக்கில் எழுதி நான் ஒரு பக்கத்தையே கிழித்திருக்கிறேன்.

கிழக்குக் கரைச் சாலையில் போனால் பாசன மதகுகள் வரிசையாக வரும். எண் போட்டுக்கொண்டே போங்கள்.

ஐப்பசி மழையில் இன்னொரு முறை போக வேண்டும். அரியலூர் மேட்டிலிருந்து செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் ஏரிக்குள் பாயும்போது வடவாற்றுத் தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். மிஞ்சும் நீர் லால்பேட்டை அருகே வெள்ளியங்கால் ஓடையில் இறங்கிப் பழைய கொள்ளிடத்துக்குப் போகும். அந்தக் கோட்டையும் போட்டால், அணைக்கரையில் விட்ட ஆறு நோட்டில் மறுபடி வந்துவிடும்.